அம்மாவின் ஈயச் சொம்பும் அப்பாவின் குண்டுகளும்

போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் அந்த வேண்டுகோளைப் போட்டீர்கள். டெக்ஸாஸில் ஒன்றாக வளர்ந்த நாமெல்லாம் ஐம்பதைத் தொட்டுவிட்டோமாம், நம் அப்பாக்களுக்குத் தள்ளாமை வந்துவிட்டதாம், அதனால் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரில் ‘எங்கள் அப்பாவின் பொழுதுபோக்கு’ என்று ஒரு பகுதி வேண்டுமாம். தமிழில் எழுத வருகிற இரண்டு மூன்று பேரில் நானும் ஒருத்தி என்பதால் என்னை விடாமல் நச்சரித்தீர்கள். ஒருத்தியின் அப்பா தபால்தலை சேர்த்தாராம். ஒருவனின் அப்பா டெக்ஸாஸ் வெயிலில் முருங்கை வளர்த்துக் காட்டினாராம். ஒவ்வொன்றுக்கும் வரிசையாக இதயப் படம் போட்டீர்கள். கடைசியில், ‘இனிமையா இருக்கட்டும், ப்ளீஸ்’ என்று ஒரு குறிப்பு வேறு.

என் அப்பாவின் பொழுதுபோக்கு துப்பாக்கிக் குண்டு வார்ப்பது. இனிமைக்கு நான் எங்கே போவேன்?

இதில் ஆச்சரியப்படுகிற மாதிரி யாரும் நடிக்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கராஜில் சைக்கிள் எடுக்க வந்தபோது அந்த மேசையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருக்கும். தூக்கிப் பார்த்தால் அப்பா கத்துவார்.

அப்பா எப்படிப்பட்டவர் என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்குள் பல்லி வந்தால் அட்டையில் ஏந்திப் போய்ப் புல்லில் விடுகிறவர். முட்டை கலந்திருக்கிறதா என்று கேட்காமல் ஒரு கேக் துண்டு வாயில் வைக்க மாட்டார். கும்பகோணத்திலிருந்து எங்களை அழைத்து வந்து மூன்று வருஷம் ஆகியும் அலுவலகத்தில் அவர் தனியாகத்தான் தயிர்சாதம் சாப்பிட்டார். அப்படிப்பட்டவரை அவருடைய மேனேஜர், பூட்ஸ் போட்ட நெட்டையான டெக்ஸாஸ்காரர், ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காகிதத்தில் வரைந்த வட்டத்தைச் சுடுவதுதான். அப்பாவுக்கு அது முதல் நாளே கை வந்துவிட்டது. திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்களாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு மனுஷனுக்கு நாலு பேர் மதிக்கிற இடம் ஒன்று வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நாளில், கடைத் தோட்டா வாங்குவது கத்துக்குட்டிகள் வேலை, தேர்ந்தவர்கள் தாங்களே செய்துகொள்வார்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எங்கள் கராஜ் பட்டறை ஆனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கோடையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. டயர் கடைகளில் சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டுகிற காரீயத் துண்டுகளை அப்பா வாளி வாளியாக வாங்கி வருவார். அடுப்பின்மேல் இரும்புப் பாத்திரத்தில் போட்டு உருக்குவார். கசடு மேலே வர அதில் மெழுகுவத்தித் துண்டைப் போடுவார். குப்பென்று புகை எழும். கோயிலில் ஒரேயடியாக நூறு விளக்கை அணைத்த மாதிரி ஒரு நெடி. கசடை வழித்து எறிந்துவிட்டு, கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றி, மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால், ஈரத் துண்டின் மேல் சுர்ரென்று குண்டுகள் விழும். விரல்நுனி அளவில், கூம்பாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

மைதானத்தில் பொறுக்கி வந்த, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்ய ஒரு இயந்திரம் உண்டு. நொறுக்கிய கொட்டை ஓட்டுத் தூளோடு கூடுகளைப் போட்டுச் சுற்றவிட்டால், நம் ஊர் கிரைண்டர் போலக் கடகடவென்று மணிக்கணக்கில் ஓடும். அப்புறம் அந்தத் தூளைச் சல்லடையில் சலிப்பார். சாம்பல் நிறத்தில் புழுதி பறக்கும். டெக்ஸாஸ் வெயிலில் கராஜ் கொதிக்கும். அப்பா சட்டையில்லாமல், ஒரு பழைய நீலக் கட்டம்போட்ட லுங்கியோடு, வெறுங்காலோடு நிற்பார். கையை லுங்கியிலேயே துடைத்துக்கொள்வார்.

செருப்பைக் கராஜ் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருவதுதானே நம் எல்லார் வீட்டிலும் வழக்கம்? வெள்ளைக்காரன் பூட்ஸோடு படுக்கையறை வரை போகிறான் என்று நம் அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். அப்பாவும் அந்தச் சுத்தத்தைக் கடைப்பிடித்தார். கராஜ் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நின்றுவிட்டு, அதே காலோடு கம்பளத்தில் நடந்து வந்து, கூடத்தில் பாயை விரித்து, தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார். தம்பிக்கு இரண்டு வயது ஆகவில்லை. பல் முளைக்கிற பருவம். அந்த லுங்கியின் முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போவான்.

இதை எழுதும்போது இன்றும் கோபம் வருகிறது.

ஆடி மாதம் போல் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான். சாப்பாட்டைத் தள்ளிவிடுவான். அதற்கு முன் ‘அக்கா’, ‘பாலு’, ‘லைட்டு’ என்று மழலையில் பேச ஆரம்பித்திருந்தான். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நான் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து, “லைட்டு சொல்லுடா” என்று கெஞ்சுவேன். விளக்கையே பார்ப்பான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் காரீயம், அதாவது லெட், ஏறியிருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று உடனே கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மூளையைத் தொட்டுவிடும் என்றார்.

கவுண்டி சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் அம்மாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரிதான். சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வீடு எப்போது கட்டியது, சுவரில் பழைய பெயின்ட் உண்டா, அப்பாவுக்கு என்ன வேலை. அப்பா நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு நர்ஸ், வீட்டில் யாராவது மீன்பிடி தூண்டிலுக்குக் காரீய எடை செய்கிறார்களா, குண்டு வார்க்கிறார்களா என்று கேட்டார். டெக்ஸாஸ் நர்ஸ் அல்லவா, கேட்காமல் இருப்பாரா?

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நோ, நோ. வி ஆர் வெஜிடேரியன்ஸ்.”

அம்மாவுக்கு அப்போது அவ்வளவு ஆங்கிலம் வராது. கையில் தம்பியை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. “மை டாட் மேக்ஸ் புல்லட்ஸ்” என்று நான் சொன்னேன். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பா என் தலையை வருடி, “டூ மச் டிவி” என்றார். நர்ஸும் சிரித்தார். பத்தடி தள்ளி, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், விரிப்புக்கு அடியில் அந்த மேசை இருந்தது. அந்தக் கதவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடி போட்ட இன்ஜினியர் ஒரு பக்கம், நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஆங்கிலம் தெரியாத பெண் ஒரு பக்கம். யாரைச் சந்தேகப்படுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நர்ஸ் எழுந்து சமையலறைக்குப் போனார். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், தம்பிக்கு இடுகிற கண்மை, குங்குமச் சிமிழ் எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் போயின. கடைசியாக அம்மாவின் ஈயச் சொம்பைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சாம்பல் நிறம், மெத்தென்ற உலோகம், வெளிநாட்டில் செய்தது. இதில் என்ன சமைப்பீர்கள் என்றார். அப்பா ரசத்தை விளக்கினார். புளியும் தக்காளியுமா என்று நர்ஸின் புருவம் ஏறியது. இது பைக்குள் அடங்காது, அடுத்த முறை வரும்போது இதையும் சோதனைக்கு எடுத்துப் போகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அம்மா கேட்டாள். “என்னங்க சொல்றாங்க?”

“உன் சொம்புலேர்ந்துதான் குழந்தைக்கு விஷம் ஏறுதாம்.”

“எங்க வீட்ல நாலு தலைமுறையா இதுலதாங்க ரசம் வெக்கிறோம்.”

“அதான் உங்க வீட்ல எல்லாரும் அப்படி இருக்கீங்க” என்றார் அப்பா.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொம்பை அவள் விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியில் போட்டால் நசுங்கிவிடும் என்று பயம். அப்படியும் கழுத்தருகே ஒரு நெளிவு விழுந்துவிட்டது. ஊரில் விறகடுப்பிலும் கேஸிலும் வைத்துப் பழகியவள், இங்கே சுருள் சுருளாகச் சிவக்கிற மின்சார அடுப்பில் அது உருகிப் போகாமல் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் தண்ணீர், அப்புறம் சொம்பு, அப்புறம்தான் சூடு என்பாள். ரசம் நுரை கட்டி வரும் நேரத்தில் பக்கத்திலேயே நிற்பாள், போன் அடித்தால்கூட எடுக்க மாட்டாள்.

இனி நான் சொல்லப்போவது என் கண்ணால் பார்த்தது.

அடுத்த சனிக்கிழமை காலை. சைக்கிளை எடுக்கக் கராஜுக்குப் போனேன். அப்பாவும் மேனேஜரும் அடுப்பருகில் நின்றார்கள். அந்த வாரம் குண்டுகள் சரியாக விழவில்லை, விளிம்பு மழுங்கிப் போகிறது என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம், டின், கலந்தால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிறையும் என்றார் மேனேஜர். ஆனால் நல்ல டின் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். அப்பா உள்ளே போய் அம்மாவின் சொம்பை எடுத்து வந்தார். காதருகே பிடித்து, கழுத்தில் அந்த நெளிவு இருந்த இடத்தில் அழுத்தி மடக்கினார். மொறமொறவென்று ஒரு சத்தம் வந்தது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மேனேஜரிடம் நீட்டி, “கேளுங்க! ப்யூர் டின்! லெட் இருந்தா இந்தச் சத்தம் வராது. நோ லெட் அட் ஆல்!” என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கத்தினார். மேனேஜரும் ஒரு தடவை மடக்கிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு அப்பா அதை உருகிய காரீயத்துக்குள் இறக்கினார். சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்து, காணாமல் போனது.

அன்றைய குண்டுகள் வெள்ளி மாதிரி பளபளத்தன. எனக்கு ஒன்று கொடுத்தார். எத்தனையோ வீடு மாறியதில் அது எங்கோ தொலைந்துவிட்டது. மற்றதெல்லாம் அந்த வாரமே மைதானத்து மண்மேட்டுக்குள் போய்ப் புதைந்தன. அம்மாவின் சொம்பு இன்றும் அங்கேதான் துண்டு துண்டாகக் கிடக்கும்.

நர்ஸ் மறுபடி போன் செய்தபோது மசாலாவிலும் மையிலும் குங்குமத்திலும் ஒன்றும் இல்லை, அந்தப் பாத்திரத்தைக் கொடுங்கள் என்றார். தூக்கி எறிந்துவிட்டோம் என்றார் அப்பா. நல்லது என்றாராம் நர்ஸ். அதோடு விசாரணை முடிந்தது.

அம்மாவின் சொம்பால்தான் விஷம் என்ற சங்கதி எப்படியோ ஊர் முழுக்கப் பரவியது. நவராத்திரி சமயத்தில் சங்கத்தில் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டு வருகிற பாட்லக் சாப்பாடு, பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வழக்கம்போல ரசம் அம்மாவின் பொறுப்பு. புத்தம்புதிய ஸ்டீல் பாத்திரத்தில், விலை ஒட்டிய காகிதம்கூடச் சரியாகப் போகாமல், கொண்டு வந்து வைத்தாள். நீங்கள் தட்டோடு வரிசையில் வந்தீர்கள். உங்கள் அம்மாக்கள் பின்னாலிருந்து உங்கள் தோளைப் பிடித்து ரசத்தைத் தாண்டி நகர்த்தினார்கள். ஒரு ஆன்ட்டி கொஞ்சம் சத்தமாகவே, “கொழந்தைங்களுக்கு வேணாம், risk எதுக்கு?” என்றாள். யார் என்று பெயர் சொல்லவில்லை. மலரில் அவள் படமும் வரப்போகிறது.

அம்மா கரண்டியோடு கடைசிவரை அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றாள். அப்பா அடுத்த மேசையில் யாரிடமோ பேசிக்கொண்டே, தட்டில் ரசம் இல்லாமல் சாப்பிட்டார். அவராவது ஒரு கரண்டி வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மா அவ்வளவையும் ஸிங்கில் கொட்டினாள். வீடு முழுக்க மிளகும் பெருங்காயமும் மணத்தது. அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் ரசம் கிடையாது.

தீபாவளி முடிந்து, அம்மாவையும் தம்பியையும் அப்பா ஊருக்கு அனுப்பிவைத்தார். சில மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து ரத்தம் எடுத்தபோது காரீயம் குறைந்திருந்தது. குறையாமல் என்ன செய்யும்? கராஜும் லுங்கியும் கடல்தாண்டி இருந்தன. இதற்குள் மேனேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட, அப்பாவும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கராஜைக் குழாயில் தண்ணீர் அடித்துக் கழுவி முடித்திருந்தார். “பாத்தியா, சொம்பை நிறுத்தினதும் சரியாயிடுச்சு” என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நீங்கள் எல்லோரும் தம்பியை அறிவீர்கள். ஐந்து வயதில்தான் கோவையாகப் பேசினான். படிப்பு ஏறவில்லை. எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. திடீர் திடீரென்று கோபம் வரும், அப்புறம் குழந்தை மாதிரி அழுவான். நாற்பதைத் தாண்டியும் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறான். இதெல்லாம் அந்தக் கோடையால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். நானும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அம்மா செய்கிறாள். தன் ரசம்தான் தன் பிள்ளையைக் கெடுத்தது என்று இந்த நிமிஷம் வரை நம்புகிறாள்.

கல்லூரியில் ஒரு வேதியியல் வகுப்பில் டின் பாளத்தை மடக்கிக் காட்டினார்கள். அதே மொறமொறப்பு. அன்றே அப்பாவுக்குப் போன் போட்டு, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“கிரீன் கார்டு process நடந்துட்டிருந்த டைம்மா அது. துப்பாக்கி, குண்டுன்னு வாயைத் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? உங்களுக்காகத்தான் செஞ்சேன்.”

“சரி, கார்டு வந்ததுக்கப்புறம் அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எதுக்குக் கெளறணும்? அவ எப்பவோ மறந்துட்டா.”

அப்புறம் அம்மாவிடம் நானே சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு, “என்னங்க, இவ என்னமோ சொல்றா பாருங்க” என்றாள். “ஒம்போது வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்?” என்றார் அப்பா. அம்மா என்னைத் திட்டினாள். “அவரு மேல உனக்கு எப்பவுமே கோவம். பண்ணினது நான். விட்டுடு.” அதற்குப் பிறகும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, நான்தான் குடும்பத்தைக் கலைக்க வந்தவள் ஆனேன்.

அவள் மறக்கவில்லை, அப்பா. போன வருஷம் எடிசன் நகரில் இருக்கிற என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஊரிலிருந்து வந்த சிநேகிதி ஒருத்தி எனக்குப் புது ஈயச் சொம்பு கொண்டு வந்திருந்தாள். அம்மா அதைப் பார்த்ததும் புடவை முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, அலமாரியின் உச்சியில் தூக்கி வைத்தாள். “கீழ வெக்காதடி. தம்பி வந்தா கை வெச்சுடுவான்” என்றாள்.

ஆக, பொறுப்பாளர்களே, இதுதான் என் கட்டுரை. ‘எங்கள் அப்பாவின் பொழுதுபோக்கு’ பகுதியில், முருங்கைக்கும் தபால்தலைக்கும் நடுவில் போடுங்கள். ஒரு வரியையும் வெட்ட வேண்டாம். பெயர் எதையும் நான் எழுதவில்லை. அந்த ரசத்தைத் தாண்டிப் போன கடனுக்காகவாவது இதைச் செய்யுங்கள்.

ஏன் மலரில் வர வேண்டும் என்றால், அப்பாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. தமிழில் எது வீட்டுக்கு வந்தாலும் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை வாய்விட்டு வாசிக்கிறாள். போனில் நான் சொன்னால் அது மகளின் கோபம். அச்சில் வந்ததை அவள் நம்புவாள்.

அம்மா, நிறுத்தாதே. இன்னும் கொஞ்சம்தான். அந்தச் சொம்பில் காரீயம் இல்லை. அது அப்பாவுக்கு அன்றே தெரியும், மடக்கிக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் போட்டார். இந்த வரியை இன்னொரு தடவை சத்தமாகப் படி. படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பா முகத்தைப் பார்.